உயிர் காக்கும் கதவுக்குக் காவல் எங்கே?

சட்டப் புத்தகங்களிலே சில பிரிவுகள் கருணையினால் எழுதப்படுகின்றன. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு அத்தகையது. பதிவு செய்யப்படாத மருந்து எதுவும் இந்நாட்டுக்குள் வரலாகாது என்பது பொது விதி. அவ்விதிக்கு இப்பிரிவு ஒரு விலக்கை வகுக்கின்றது. ஓர் உயிரைக் காப்பதற்காகவோ, தொற்றுநோயை அடக்குவதற்காகவோ, வேறு தேசிய நெருக்கடியின் பொருட்டோ, நாட்டின் பாதுகாப்புக் கருதியோ, பதிவு பெறாத மருந்தொன்றை, ஏன், இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் மருந்தையும்கூட, குறித்த அளவில் இறக்குமதி செய்வதற்கு அதிகாரசபை அனுமதி வழங்கலாம் என்கின்றது அது.

சட்டம் வரைந்தவர்கள் தொற்றுநோயை முதலில் வைக்கவில்லை. நாட்டின் பாதுகாப்பையும் முதலில் வைக்கவில்லை. ஓர் உயிரைத்தான் முதலில் வைத்தார்கள். நோய்ப்படுக்கையிலே கிடக்கும் ஒருவனுக்காகச் சட்டத்தின் மதிலிலே ஒரு கதவு திறக்கப்பட்டது. மனிதத் தன்மையுள்ள எவரும் இதைக் குறைகூற மாட்டார்.

ஆனால் அந்தக் கதவால் இதுவரை நுழைந்தவர் யார்? வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தவர் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் கமக்காரர்களுமான எங்கள் வாசகர்கள் முன் இன்று வைக்கின்றோம்.

வெளியே நிற்பவன்

கிளிநொச்சியிலே இரண்டு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் பெயர் வேண்டாம். அவனைப் போன்றவர்கள் எல்லா மாவட்டங்களிலும் உளர். அவனுடைய குழந்தைக்கு அரிய நோயொன்று. யாழ்ப்பாணத்து வைத்திய நிபுணர் நோயை அறிந்துவிட்டார். அதற்குரிய மருந்தையும் அறிவார். ஆனால் அம்மருந்து இலங்கையில் பதிவாகவில்லை.

ஏன் பதிவாகவில்லை? மருந்து தீயது என்பதனால் அன்று. பதிவு செய்வதற்குக் கட்டணம் உண்டு. கட்டுக் கட்டாய் ஆவணங்கள் உண்டு. உள்ளூர் முகவர் ஒருவர் வேண்டும். நாடு முழுவதிலும் பத்துப் பேருக்கோ இருபது பேருக்கோ மட்டும் தேவைப்படும் மருந்துக்காக இவ்வளவு சிரமத்தை எந்தக் கம்பனி ஏற்கும்? நோயாளர் தொகை சிறியதானால் சந்தை சிறியது. சந்தை சிறியதானால் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் மருந்து இல்லை. வியாபாரக் கணக்கிலே இதில் பிழை காண முடியாது. அந்தக் கணக்கிலே குழந்தைக்கு இடமில்லை என்பதுதான் பிழை.

ஆகவே அந்தத் தகப்பனுக்கு 109 ஆம் பிரிவே கதி. வைத்தியர் கடிதம் எழுதவேண்டும். இறக்குமதியாளர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரு குப்பிக்காக மினக்கெட அவர் விரும்பமாட்டார். விண்ணப்பம் கொழும்புக்குப் போகவேண்டும். அனுமதி கிடைத்தாலும், வெளிநாட்டு விற்பனையாளன் குறைந்தது இத்தனை பெட்டி வாங்கினால்தான் தருவேன் என்பான். விலை டொலரிலே. மருந்து குளிரிலே வரவேண்டியதாயின், விமான நிலையத்துச் சுங்கத்திலே அது எத்தனை மணி நேரம் கிடக்கும் என்பதைப் பொறுத்தது குழந்தையின் ஆயுள். இத்தனைக்கும் இடையிலே அந்தக் கமக்காரன் எத்தனை முறை இரவுப் பேருந்து ஏறுவான்? வயலை யார் பார்ப்பார்? ஒற்றிவைக்க இன்னும் எத்தனை பரப்பு மிஞ்சியிருக்கும்?

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. ஆனால் கதவுவரை செல்ல வழியில்லை. வழியில்லாத கதவை உரிமை என்று சொல்லுவது ஏழையை ஏளனம் செய்வதேயாகும்.

உள்ளே நுழைந்தவன்

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம்.

2022 ஏப்ரில் 12 இல் இந்நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதெனக் கைவிரித்தது. கையிருப்பில் டொலர் இல்லை. ஆஸ்பத்திரிகளிலே மருந்து இல்லை. சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. வைத்திய சங்கங்கள் அபாயச் சங்கு ஊதின. அக்காலத்திலே "அவசரம்" என்ற சொல் எல்லாப் பூட்டுக்கும் திறவுகோலாயிற்று. ஓர் உயிருக்காக அமைந்த கதவு பெருங் கொள்வனவுக்காக அகலத் திறந்தது. பதிவு விலக்கு என்பது அரிதாக வழங்கும் அனுமதி என்ற நிலை மாறி, அன்றாட நடைமுறை ஆயிற்று.

அதன் பலனை 2023 இலே கண்டோம். நோயெதிர்ப்புச் சக்தியற்றோருக்கு ஏற்றப்படும் மனித இம்யூனோகுளோபியுலின் என்ற மருந்து, அவசரத்தின் பெயரால் வழங்கப்பட்டு ஆஸ்பத்திரிகளை அடைந்தது. ஏற்றப்பட்ட நோயாளரிடம் விபரீத விளைவுகள் தோன்றியபோதுதான் ஐயம் எழுந்தது. குப்பிகள் தரமற்றவை என்பது சோதனையிலே வெளிப்பட்டது. 22,500 குப்பிகளைப் பற்றிய விவகாரம் இது. போலி ஆவணங்களைக் காட்டிக் காரியம் சாதிக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. கொள்வனவு நடந்த காலத்திலே சுகாதார அமைச்சராய் இருந்தவர் 2024 பெப்ரவரி 2 இல் கைது செய்யப்பட்டார், அதிகாரிகள் பலரும் சிக்கினர், வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளி யார் என்பதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அதனுள் நாம் நுழையோம்.

ஆனால் நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. கமக்காரனின் குழந்தைக்கு ஒரு குப்பி மருந்து வரவேண்டுமாயின் நூறு கேள்வி கேட்கப்படுகிறது. 22,500 குப்பிகள் வந்தபோது அந்த நூறு கேள்விகளையும் கேட்டவர் எங்கே? எலி நுழைய முடியாத வேலியிலே யானை நுழைந்திருக்கின்றது!

2021 யூலையிலே அதிகாரசபையின் கணினிக் கோப்புகள் பெருமளவில் அழிந்துபோன கதையையும் நாடு மறந்துவிடவில்லை. மருந்து எது, செய்தவன் யார், கொண்டுவந்தவன் யார் என்ற குறிப்பே ஒழுங்குபடுத்துவோரின் உயிர். அந்தக் குறிப்பைக் காப்பாற்ற முடியாத காவலாளியிடம் கதவை ஒப்படைத்துவிட்டு, கள்வன் வந்தான் என்று புலம்புவதிலே பயன் என்ன?

ஒரு மருந்து கற்பித்த மூன்று பாடங்கள்

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டாம். பெரிய நாடுகளும் இந்தக் கதவிலே இடறி விழுந்து எழுந்தவைதாம். தலிடோமைட் என்ற ஒரே மருந்தின் கதை போதும்.

ஜேர்மனியில் உருவாகி நித்திரைக்கும் கர்ப்பிணிகளின் ஓங்காளத்துக்கும் கொடுக்கப்பட்ட அம்மருந்தால், உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தன. அமெரிக்காவிலே 1960 இல் அதன் விண்ணப்பத்தைப் பரிசீலித்த டொக்டர் பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், கம்பனியின் நெருக்குதலுக்கு இணங்காது சான்று போதாதென்று நிறுத்தி வைத்தார். அவரை உலகம் போற்றுகிறது; போற்றவேண்டியதே. ஆனால் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. முன்வாசலிலே கெல்சி காவல் நின்றபோது, "பரிசோதனை" என்ற பக்கவாசலால் 25 இலட்சம் மாத்திரைகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வைத்தியர்களின் கைகளுக்குப் போயின. மருந்தைத் திருப்பி எடுக்க முயன்றபோது, யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்ற குறிப்புப் பல வைத்தியரிடம் இருக்கவில்லை. அந்நாட்டிலும் 17 குழந்தைகள் ஊனமாய்ப் பிறந்தன. பரிசோதனை என்று பெயரிட்டு வியாபாரத்துக்கு முன்னோடி விளம்பரம் நடந்தது. 1962 இல் சட்டம் திருத்தப்பட்டதற்கு இக்கொடுமையே காரணம். இது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் வியப்புக்குரியது. 1964 இலே எருசலேமில் யேக்கப் ஷெஸ்கின் என்ற வைத்தியர், குட்டநோயின் கொடிய வீக்கத்தால் உறக்கமின்றித் துடித்த நோயாளி ஒருவருக்கு, வேறு வழியின்றி அதே தலிடோமைட்டைக் கொடுத்தார். வேதனை தணிந்தது. உலகம் சபித்த மருந்து குட்டநோயாளருக்கு அருமருந்தாயிற்று. 1998 இல் அமெரிக்கா அதற்கு அங்கீகாரம் வழங்கியபோது ஒரு கண்டிப்பான நிபந்தனையை விதித்தது: எழுதும் வைத்தியர், கொடுக்கும் மருந்தகம், உண்ணும் நோயாளி ஆகிய மூவரும் பதிவேட்டில் இருக்கவேண்டும். முன்பு குறிப்பில்லாமையால் குழந்தைகளை ஊனமாக்கிய மருந்து, குறிப்பு இருந்தமையால் நோயாளரைக் காத்தது.

மூன்றாம் பாடம் பேராசையின் பாடம். பிற்காலத்திலே மலிவு விலையில் இதே மருந்தைச் செய்ய முன்வந்த கம்பனியொன்று, இரண்டும் சமமானவை என்று பரிசோதித்துக் காட்டுவதற்கு மூல மருந்தின் மாதிரி கேட்டது. எங்கள் நெல்லும் உங்கள் நெல்லும் ஒரே இனமா என்று பார்க்க உங்கள் நெல்லில் ஒரு கொத்து வேண்டுமல்லவா? அதைப் போன்றது இது. மூல மருந்தின் உரிமையாளர் பாதுகாப்புப் பதிவேட்டைக் காரணங்காட்டி மாதிரியை விற்க மறுத்தார் என்று 2014 இலே வழக்குத் தொடுக்கப்பட்டது. 2019 இலே அது சமரசமாயிற்று. டராபிரிம் என்ற பழைய மருந்தின் விலையை 2015 இல் மாத்திரையொன்றுக்கு 13.50 டொலரிலிருந்து 750 டொலருக்கு உயர்த்திய கம்பனியும், போட்டியாளர் பரிசோதனைக்கு மாதிரி பெறாதபடி விநியோகத்தை இறுக்கிப் பூட்டி வைத்தது. 2022 இலே அமெரிக்க நீதிமன்றம் அதன் தலைவரை மருந்துத் தொழிலிலிருந்து ஆயுள்வரை விலக்கி வைத்ததுடன் 6 கோடியே 46 இலட்சம் டொலரைச் செலுத்தவும் கட்டளையிட்டது. பரிசோதனைக்கு மாதிரி மருந்தை விற்க மறுப்போரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்ற சட்டத்தை அமெரிக்கா 2019 டிசெம்பரிலேயே இயற்றிவிட்டது.

மூன்று பாடங்களும் சேர்ந்து சொல்வது என்ன? விலக்குக் கதவு வேண்டும்; அதற்குப் பதிவேடு வேண்டும்; அந்தப் பதிவேட்டின் திறவுகோல் கம்பனியின் கையில் அன்றிப் பொதுமக்களின் கையில் இருக்கவேண்டும்.

உடலைக் கொடுத்தவனுக்கு என்ன கொடுத்தீர்?

பரிசோதனை மருந்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நியாயத்தையும் கேட்கவேண்டியிருக்கின்றது. புதிய மருந்து நல்லதா என்று அறிவதற்குத் தம் உடலைக் கொடுப்பவர் பலர் ஏழை நாட்டவர். பரிசோதனை முடிந்து மருந்து வெற்றியடைந்தபின் அவர்களுக்கு அது கிடைக்குமா?

1964 இல் பிறந்த ஹெல்சிங்கிப் பிரகடனம் வைத்திய ஆராய்ச்சியின் அறநூல் எனத்தகும். பரிசோதனையில் பங்குகொண்டவருக்குச் சிறந்ததென நிறுவப்பட்ட சிகிச்சை பின்னரும் கிடைக்கவேண்டும் என்ற கொள்கை 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்திலே அதில் இடம்பெற்றது. ஏட்டிலே இருப்பது நாட்டிலே நடக்கின்றதா?

எயிட்ஸ் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் என்ற ஊசியைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும். தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 5,300 க்கு மேற்பட்ட பெண்கள் பங்குகொண்ட பரிசோதனையிலே, இவ்வூசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை என்று 2024 இலே அறிவிக்கப்பட்டது. மற்றொரு பரிசோதனை நடந்த நாடுகளுள் பிறேசில், ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ, பெரு ஆகியவையும் இருந்தன. ஆனால் 2024 ஒக்டோபரில் 120 நாடுகளுக்கு மலிவாய்ச் செய்து விற்க வேறு கம்பனிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, அந்த நான்கு நாடுகளும் பட்டியலில் இல்லை! அமெரிக்காவிலே 2025 யூனில் குறிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 28,218 டொலர். உரிமம் பெற்ற நாடுகளுக்கு 2027 முதல் 40 டொலருக்குத் தரலாம் என்று இந்தியக் கம்பனிகள் 2025 செப்டெம்பரில் முன்வந்தன. பரிசோதனையில் நின்றவருக்கு ஊசி தொடரும் என்று கம்பனி சொல்லலாம். அவருடைய தம்பிக்கும் அயலவனுக்கும் அது எட்டாக்கனி ஆயின், அந்த ஊர் எதற்காக உடலைக் கொடுத்தது?

நம் நாட்டிலும் பரிசோதனைகள் நடக்கின்றன. இலங்கை மருத்துவச் சங்கம் அவற்றைப் பதிவதற்கு 2006 இல் ஒரு பதிவேட்டை நிறுவியது, அது பாராட்டுக்குரியது. ஆனால் சம்மதப் பத்திரத்திலே கைநாட்டு வைக்கும் நம் விவசாயத் தாயிடம், "இந்த மருந்து உனக்குக் குணம் தந்தால் பரிசோதனை முடிந்த மறுநாள் அதை யார் தருவார்?" என்ற விபரத்தை அவள் மொழியிலே எழுதிக் காட்டவேண்டாமா?

பிபிலே காட்டிய வழி

இவையெல்லாம் பெரிய நாடுகள் செய்யவேண்டியவை, சின்னஞ்சிறு தீவு என்ன செய்யும் என்று கையைப் பிசைவோர் நம்மிடையே உளர். அவர்கள் சொந்த நாட்டின் சரித்திரத்தையே அறியாதவர்கள்.

1971 இல் இந்நாட்டிலே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் செனக்க பிபிலே. தனியார் கொண்டுவந்த சுமார் 2,100 வகை மருந்துகளை ஆராய்ந்து, உண்மையில் தேவையானவை சுமார் 600 என்று குறைத்தார். உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினார். 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாய் வாங்கிய மூலப்பொருளிலிருந்து மருந்து செய்து தர வெளிநாட்டுக் கம்பனியொன்று மறுத்தது. அரசாங்கம் விமானத்தில் மருந்தை வரவழைக்க நேர்ந்தது. அந்த எதிர்ப்புகளுக்கிடையிலும் பிபிலேயின் வழியைப் பிற நாடுகள் கற்க விரும்பின. அப்பணியிலே இருந்தபோது 1977 இல் கயானாவிலே அவர் காலமானார்.

மருந்தை வாங்குவது வியாபாரியின் தயவு அன்று, அரசின் கடமை என்பதே பிபிலே நாட்டிய கொள்கை. பலருக்கு வேண்டும் மருந்துக்கு அவர் அதைச் செய்து காட்டினார். ஒருவனுக்கு மட்டும் வேண்டும் மருந்துக்கும் அதையே செய்யுங்கள் என்கிறோம் நாம்.

சாட்டுகளும் விடையும்

"பதிவு பெறாத மருந்து ஆபத்தானது, ஆகவே இறுக்கிப் பிடிக்கிறோம்" என்பர் அதிகாரிகள். இறுக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மரணத்தின் வாசலிலே நிற்பவனுக்குத் தாமதமும் ஓர் ஆபத்து. அமெரிக்காவிலே அவசர நோயாளி ஒருவருக்கு ஆராய்ச்சி மருந்து வேண்டுமாயின் வைத்தியர் தொலைபேசியில் கேட்டே அனுமதி பெறலாம்; எழுத்து ஆவணங்களை 15 வேலை நாட்களுக்குள் அனுப்பினாற் போதும். முதலில் உயிர், பின்பு கடதாசி. நம் நாட்டிலே முதலில் கடதாசி, பின்பு மரணச் சான்றிதழ்.

"நெருக்கடிக் காலத்திலே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை" என்பர் வேறு சிலர். நம் கூட்டுறவுச் சங்கத்து நெற் களஞ்சியத்திலே, அறுவடை நெருக்கடியிலும், எந்தக் கமக்காரன் எத்தனை மூடை கொண்டுவந்தான் என்று எழுதாமல் ஒரு மூடையும் இறக்கப்படுவதில்லை. நெல்லுக்கு உள்ள மரியாதை நரம்பிலே ஏற்றும் மருந்துக்கு இல்லையா?

நம்மவர் குற்றத்தையும் மறைக்கமாட்டோம். கம்பனிப் பிரதிநிதி நீட்டிய பெயரையே சீட்டில் எழுதும் வைத்தியரும், விலை கூடினால்தான் மருந்து நல்லதென நம்பும் நோயாளியும், அநியாயத்தைக் கண்டும் நமக்கேன் வம்பென்று ஒதுங்கும் படித்தவரும் நம்மிடையே இல்லையா? வேலியைப் பிரித்துவிட்டவர்களுள் நாமும் இருக்கின்றோம்.

நாம் கேட்பவை

கேட்பவை ஐந்து, ஒன்றேனும் செய்ய இயலாததன்று.

ஒன்று: 109 ஆம் பிரிவின் கீழ் வழங்கும் ஒவ்வோர் அனுமதியும், மருந்தின் பெயர், அளவு, செய்தவர், கொண்டுவருபவர், காரணம், ஒப்பமிட்ட அதிகாரி ஆகிய விபரங்களுடன் உடனுக்குடன் பகிரங்கமாகவேண்டும். நோயாளியின் பெயர் மட்டும் மறைக்கப்படட்டும்.

இரண்டு: தனி நோயாளிக்கான விண்ணப்பமும் மொத்தக் கொள்வனவும் ஒரே வரிசையில் நிற்கலாகாது. முன்னதற்கு மணிக்கணக்கிலே விடை வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திலே தரவேண்டும். விண்ணப்பத்தை மாகாணத்து ஆஸ்பத்திரியிலேயே, தமிழிலேயே ஒப்படைக்க வழி வேண்டும்.

மூன்று: அவசரத்தின் பெயரால் மொத்தமாக வரும் எந்த மருந்தும், செய்தவரிடமும் அந்நாட்டு அதிகாரசபையிடமும் நேரே கேட்டு உறுதிசெய்து, தொகுதி தொகுதியாகப் பரிசோதித்த பின்னரன்றி நோயாளியை அடையலாகாது.

நான்கு: அரிய நோய்களுக்கான மருந்தைத் தகப்பன் தேடி அலையாமல், கூட்டுத்தாபனமே வாங்கிக் கொடுக்கவேண்டும். பத்துப் பேரின் தேவையை ஒன்றாகக் கட்டினால் பேரம் பேச வலு உண்டு.

ஐந்து: பரிசோதனைக்குப்பின் மருந்தை யார், எவ்வளவு காலம் தருவார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இல்லாத எந்தப் பரிசோதனைக்கும் அனுமதி கூடாது. பரிசோதனைக்கென வந்த மருந்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்.

வைத்தியர்களே, எழுதி மறுமொழி வராத விண்ணப்பங்களின் பிரதியைக் கட்டி வையுங்கள். வழக்கறிஞர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் உங்கள் கையில் இருக்கின்றது. பதிவு விலக்குப் பட்டியலை அதன் கீழ்க் கேளுங்கள். கமக்காரர் சங்கத்தாரே, உரத்துக்கும் தண்ணீருக்கும் நிறைவேற்றும் தீர்மானங்களோடு இதற்கும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி உங்கள் பிரதிநிதிக்கு அனுப்புங்கள்.

நோய் கட்சி பார்த்து வருவதில்லை. இனம் பார்த்தும் வருவதில்லை. 22,500 குப்பிகள் எவருடைய நரம்பில் ஏறும் என்று அவற்றை அனுப்பியவன் கேட்கவில்லை. ஓர் உயிருக்கென்று சட்டம் திறந்த கதவு, அந்த ஓர் உயிருக்குத் திறக்கும் நாள்வரை நாம் தட்டிக்கொண்டே இருப்போம்.